வாசலைப் பார்த்த செருப்புகள்

ஜப்பான்காரி தோமியேவுக்குத் தன் வாய்மேல்தான் பயம். சீனாவின் முக்டென் நகரில் பதினோரு வருஷம் குடியிருந்தும், முட்டைக்கோசுக்கு விலை கேட்பதற்கு மேல் அவளுக்குச் சீனம் வரவில்லை. அதனால் பல்வலிக்காரியைப் போலத் தாடையைச் சுற்றித் துணி கட்டியிருந்தாள். ஏழு வயது மகள் நோபுவைப் பற்றிக் கவலையில்லை. தெருப் பிள்ளைகளோடு விளையாடி அவர்களைப் போலவே வாயாடுவாள்.

ஜப்பான் தோற்று இரண்டு மாதம். ரஷ்யப் படை ஊருக்குள் இருந்தது. கடைசி நேரத்தில் பட்டாளத்துக்கு இழுத்துப்போன கணவனைப் பற்றித் தகவலே இல்லை. அடுத்த சந்தில் ஒளிந்திருந்த ஜப்பான்காரியைப் போன வாரம் ஊர்க்காவல் குழு லாரியில் ஏற்றிப்போனது. அவள் குழந்தை தெருவிலேயே நின்றது. முன்பு தோமியேவின் வீட்டில் துணி துவைத்த சீனப் பெண் சூயுன்தான் தாய்க்கும் மகளுக்கும் தன் வீட்டில் இடம் கொடுத்திருந்தாள்.

அன்று காலை ஊர்க்காவல் குழுவின் லியாங் சோதனைக்கு வந்தான். சூயுன் அவனை உபசரித்து, அடியில் கணப்பு எரியும் செங்கல் மேடையில் உட்காரவைத்தாள். செருப்பைக் கீழே கழற்றிவிட்டு ஏறியவன் தோமியேவைப் பார்த்தான்.

"யாருக்கா இது?"

"என் தங்கச்சி. பல்லு வீங்கிக் கிடக்கா."

"பேசவே மாட்டாளா?"

"பேசாத மட்டும் புண்ணியம். வாயத் தொறந்தா ஊரு தாங்காது."

லியாங் சிரித்துவிட்டு நோபுவிடம் திரும்பினான். "உங்கப்பன் எங்க பாப்பா?"

"ஹார்பின்ல மூட்டை தூக்குறாரு," என்றாள் அவள், தடங்கலே இல்லாமல்.

தோமியேவுக்குப் போன உயிர் திரும்பி வந்தது. வந்த வேகத்திலேயே மறுபடி போனது. நோபு மேடையிலிருந்து இறங்கி, குந்தி உட்கார்ந்து, லியாங்கின் செருப்பை வாசல் பக்கமாகத் திருப்பி ஜோடி சேர்த்து வைத்தாள். விருந்தாளி புறப்படும்போது கால் நேராக நுழைய வேண்டும் என்று விரல்முட்டியில் அடித்து அடித்து அவளுக்குப் பழக்கியவள் தோமியேதான். இப்போது கத்தித் தடுக்கலாம். எந்த மொழியில் கத்துவது?

லியாங் தேநீரை முடித்துக் காலைத் தொங்கவிட்டான். கால் நேராகச் செருப்புக்குள் போனது. அவன் சிரிப்பு நின்றது.

"நாலு வருஷம் ஜப்பான்காரன் வீட்டுல வேல பார்த்தேன்," என்றான். "தெனமும் இத செஞ்சேன். ஒருநாள் மறந்ததுக்குப் பல்லு ஒண்ணு போச்சு."

அவன் நோபுவையே பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு மேடையடியில் வரிசையாக இருந்த மற்றச் செருப்புகளைக் காலால் எத்திக் கலைத்தான்.

"பின்னாலயே லாரி வருதுக்கா. அதுல வர்றவனுங்களும் அந்த வீடுங்கள்ல அடி வாங்கினவனுங்கதான். எல்லாரும் என்னை மாதிரி இருக்க மாட்டானுங்க."

அவன் போன சற்று நேரத்தில் லாரி சந்துமுனையில் நின்றது. தோமியே மகளை இழுத்து மேடையில் ஏற்றிக்கொண்டாள்.

"அம்மா," என்று காதோரம் கிசுகிசுத்தாள் நோபு. "நீ என்ன பண்ற?"

தோமியே கீழே பார்த்தாள். அவள் கை மேடை விளிம்பில் தொங்கி, கவிழ்ந்து கிடந்த ஒரு செருப்பை நிமிர்த்தி, வாசலைப் பார்க்க வைத்துக்கொண்டிருந்தது.

நோபு குதித்து இறங்கி அதை மூலைக்கு எத்தினாள். எத்திவிட்டு, அம்மா விரல்முட்டியில் அடிப்பாளோ என்று தலையைக் குனிந்துகொண்டு நின்றாள். கதவு திறந்தது.