வேனுக்குத் தைத்த உறை

புகை சோதனைக் கடையில் மகுடேஸ்வரன் கருவியின் குழாயை வேனுக்குப் பின்னால் செருகிவிட்டு, "மிதிங்க பாய்" என்றான். நஜீமுதீன் ஆக்ஸிலேட்டரை மிதித்தார். திரையில் எழுபத்தொன்று வந்தது. அறுபத்தைந்தைத் தாண்டக் கூடாது. மறுபடி மிதித்தார், எழுபத்திரண்டு. பாழாய்ப்போன எண் இறங்குவேனா என்கிறது.

முதலிபாளையத்துப் பனியன் கம்பெனியில் கறாராகச் சொல்லிவிட்டார்கள். திங்கட்கிழமைக்குள் புகைச் சான்றிதழ் காட்டாவிட்டால் வேலைக்குப் பெண்களை ஏற்றிவரும் தாராபுரம் லைனுக்கு வேறு வேன் வந்துவிடும். அவருக்கு ஓட்டுவதற்கு வேறு லைன் கிடைக்கும். மனசு அடித்துக்கொண்டது அதற்கல்ல. அதே கம்பெனியில் டெய்லராக இருக்கும் மனைவி பேகம், காலையும் மாலையும் அவருக்குப் பக்கத்து சீட்டில்தான் வருவாள். வீட்டில் மகன், மருமகள், பேரப்பிள்ளைகள், ஓயாத டிவி. கல்யாணமாகி இருபத்தெட்டு வருஷம் ஆன பிறகு புருஷனும் பெண்டாட்டியும் நாலு வார்த்தை பேசிக்கொள்வது அந்தப் பாதையில் மட்டும்தான். வெட்கத்தை விட்டுச் சொன்னால், அதை விட்டுக்கொடுக்க அவரால் முடியாது.

"மைலேஜ் எப்படீங்க?" என்று கேட்டான் மகுடேஸ்வரன்.

"பதினொண்ணு குடுத்த வண்டிங்க. ஒரு மாசமா ஒம்பதத் தாண்டல."

அவன் முன்சீட்டைத் தூக்கி, அடியில் இருந்த இஞ்சினில் டார்ச் அடித்தான். உள்ளே கையை விட்டு எதையோ உருவினான். வெள்ளை பனியன் துணியில், எலாஸ்டிக் வைத்துத் தைத்த வட்டமான உறை. புழுதி அப்பியிருந்தது.

"ஏர் ஃபில்டர் வாயில துணியக் கட்டி வெச்சா வண்டி எப்படீங்க மூச்சு வுடும்? புகைதான் தள்ளும்."

தையல் முடியும் இடத்தில் மூன்று முறை திருப்பி அடித்திருந்தது. அது பேகத்தின் கை. தூசி ஃபில்டரைக் கெடுக்கிறது என்று போன மாதம் வழியில் அவர்தான் புலம்பினார். சொல்லாமல் கொள்ளாமல் தைத்து மாட்டியிருக்கிறாள். அவருக்குக் கோபமே வரவில்லை. உறையின் புழுதியைத் தட்டி, மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார்.

உறை இல்லாமல் ஐம்பத்தாறு. சான்றிதழ் கைக்கு வந்தது.

மாலையில் பதினேழு பெண்களும் ஏறி வேன் கிளம்பியதும் பேகம் மெல்லக் கேட்டாள்.

"பாஸாயிருச்சுங்களா?"

"ஆயிருச்சு."

"உங்ககிட்டச் சொல்லாம ஒரு வேல செஞ்சனுங்க. இஞ்சினுக்கு உறை தெச்சு மாட்டுனன். அதுனாலதான் இருக்கும்."

அவர் கியரை மாற்றினார். அவள் டிபன் பையிலிருந்து புதிதாக ஒன்றை எடுத்தாள்.

"இது ரெண்டு மடிப்புங்க. இன்னும் தூசி தாங்கும்."

நஜீமுதீன் அதை வாங்கினார். சிக்னலில் வேன் நின்றபோது விரித்துத் தலையில் மாட்டிக்கொண்டார். அளவாக உட்கார்ந்தது. பின்னால் பெண்கள் சிரித்தார்கள்.

"அது இஞ்சினுக்குங்க" என்றாள் பேகம்.

"எனக்குந்தான் தூசி படுது புள்ள."

அவள் எட்டி, எலாஸ்டிக்கை அவர் காதுக்கு மேல் சரியாக இழுத்துவிட்டாள்.