நசுங்காத எலுமிச்சம்பழம்

ஆயுத பூஜையன்று வண்டிச் சக்கரத்தின் அடியில் எலுமிச்சம்பழம் வைப்பது, வண்டி அதை நசுக்கிக்கொண்டு போவதற்காக. ஜோகுபாளையத்தில் ஆதிகேசவனின் லாரிக்கும் வருடாவருடம் நான்கு பழங்கள் வைக்கப்பட்டன. அது ஒன்றைக்கூட நசுக்கியதில்லை. பதினெட்டு வருடமாக நின்ற இடத்தில் நின்றது. பூஜைக்கு மறுநாள் அவர் மகள் பாஞ்சாலி குனிந்து பழங்களை முழுசாகப் பொறுக்கி எடுத்து ஜூஸ் போடுவாள். அதில் லேசாகத் தார் வாசனை அடிக்கும். ஆதிகேசவன் ஒரு சொட்டு மிச்சம் வைக்காமல் குடிப்பார்.

முன்பக்கம் மூக்கு நீண்ட பழைய காலத்து லாரி அது. ஹொசகோட்டைப் பக்கம் ஒரு தோட்டக்காரர் கோஸும் முள்ளங்கியும் ஏற்றுவதற்காக வைத்திருந்ததை ஆதிகேசவன் வாங்கி, அதே தோட்டங்களுக்கு ஓட்டினார். இப்போது பச்சைப் பெயிண்ட் உரிந்து சந்து முனையில் நின்றது. மழைக்காலத்தில் அதன் பின்தட்டில் தண்ணீர் தேங்கும். மேகங்கள் அதில் ஒரு வாரம் தங்கிவிட்டுப் போகும்.

ஆகஸ்டில் பாஞ்சாலியின் தம்பி அருண்குமார் அதை விற்றுவிட்டதாகச் சொன்னான். மாரத்தஹள்ளியில் ஒரு கம்பெனியில் வேலை பார்க்கிறவன். இந்திராநகரில் புதிதாகத் திறக்கப்போகும் பப் ஒன்று அவனோடு வேலை பார்ப்பவனின் நண்பனுடையது.

"முன்பக்கத்தை மட்டும் கட் பண்ணி சுவத்துல மாட்டுவாங்கக்கா. ரேடியேட்டர்லருந்து பீர் வரும். செம ஐடியா இல்ல?"

பாஞ்சாலி அப்போதுதான் வேலை முடிந்து அப்பா வீட்டுக்கு வந்திருந்தாள். காலை ஐந்தரையிலிருந்து வீடுவீடாகக் குப்பை எடுக்கும் மாநகராட்சி ஆட்டோவை ஓட்டுகிறவள். கையைக்கூட இன்னும் கழுவவில்லை.

"யாரைக் கேட்டுடா வித்தே?"

"நைனாவைக் கேட்டேன்."

அவள் அப்பாவைப் பார்த்தாள். ஆதிகேசவன் முறத்தில் அவரைக்காய் ஆய்ந்துகொண்டிருந்தார்.

"நைனா, அந்த வண்டி எனக்குன்னு சொன்னியே."

"ஓடுற வண்டியை உனக்குன்னேன்."

"அப்ப ஓட வைக்கிறேன். ஆயுத பூஜை வரைக்கும் டைம் குடு. ஓடிச்சுன்னா என்னுது. ஓடலைன்னா இவன் ஃப்ரெண்டு வந்து அறுத்து எடுத்துட்டுப் போகட்டும்."

"அது ஓடாதும்மா" என்றார் ஆதிகேசவன்.

இன்று வியாழக்கிழமை என்று சொல்வதுபோல் சொன்னார். அந்தக் குரல் பிறகுதான் அவளுக்கு உறைத்தது.

அவள் கேட்டது வீம்புக்காக மட்டும் இல்லை. ஹொசகோட்டை தாண்டி லட்சுமம்மா என்று ஒருத்தி பத்து ஏக்கரில் ராகியும் காய்கறியும் போடுகிறாள். பாஞ்சாலியின் வட்டாரத்துக் குப்பை மக்கி எருவாகி அங்கேதான் போகும். எரு இறங்கும் இடத்தில் இருவருக்கும் பழக்கம். நிலத்துக்குள் எருவும் ராகித் தாளும் இழுக்க ஒரு வண்டி இல்லை என்று லட்சுமம்மா எப்போதும் புலம்புவாள். "காடி தகொண்டு பா, கெலஸ நின்னதே" என்று சிரித்துக்கொண்டேதான் சொன்னாள். வண்டியைக் கொண்டு வா, வேலை உன்னுடையது. பாஞ்சாலி சிரிக்கவில்லை. அன்றிலிருந்து, அடுத்தவர் வீட்டு மீன் முள்ளையும் டயப்பரையும் கொட்டும்போதெல்லாம் அந்த வாக்கியத்தை மனசுக்குள் திருப்பித் திருப்பி ஓட்டிப் பார்த்தாள்.

அவளுக்கு அந்த லாரி தெரியும். பத்தொன்பது வயதில் அதை அவள்தான் ஓட்டினாள். ஆதிகேசவனுக்குக் கை உடைந்து கட்டுப் போட்டிருந்த சமயம். தோட்டத்தில் கோஸ் அழுகும், வாடகை ஆள் வைக்க வழியில்லை. விடியலில் ஓல்டு மெட்ராஸ் ரோட்டில் பனியைப் பிளந்துகொண்டு, கோஸ் வாசனையோடு, அந்தப் பெரிய ஸ்டியரிங்கை இரண்டு கையாலும் கட்டிப்பிடித்து அவள் ஓட்டி வந்தாள். உலகம் முழுக்க அந்த ரோட்டின் மறுமுனையில் இருப்பதாக நம்பினாள். அப்பாவின் கை சரியான பிறகும் அவளே ஓட்டினாள். பிறகு ஒரு நாள் வண்டி கிளம்பவில்லை. எஞ்சின் போச்சு என்றார் அப்பா. வண்டி போனதும் வருமானம் போனது. அப்பா அபார்ட்மென்ட் ஒன்றில் வாட்ச்மேன் ஆனார். வீட்டில் ஒரு வயிறு குறைய வேண்டும் என்று அவளுக்கே தெரிந்தது. மர்பி டவுன் சந்திரனைக் கட்டிக்கொள்ளச் சரி என்றாள். சந்திரன் கெட்டவன் இல்லை. அதனால் கோபப்படவும் ஆள் இல்லாமல் போயிற்று.

நோயல் மர்பி டவுனில் ஒர்க்‌ஷாப் வைத்திருக்கிறான். பாஞ்சாலி கூட்டி வந்து காட்டியதும், லாரியின் பானெட்டைத் திறந்து மூக்கைப் பொத்திக்கொண்டான்.

"அக்கா, என்னக்கா இது, இன்ஜினா, மளிகைக் கடையா?"

உள்ளே எலிக்கூடு. ஒரு தலையணை அளவுக்கு. வருடாவருடம் பூஜையில் எஞ்சின் மேல் ஒரு படி பொரியும் கடலையும் வைத்து பானெட்டை மூடுவது ஆதிகேசவனின் வழக்கம். பொரிக்கு எலி வந்தது. எலி ஒயரைத் தின்றது, குழாயைத் தின்றது, சாமந்தி மாலையைக் கிழித்து மெத்தை போட்டுக் குட்டி போட்டது.

"சாமி கும்பிட்டே கொன்னுருக்கீங்க. அவ்ளோதான் கேஸு. எலிதான் அக்யூஸ்டு" என்றான் நோயல்.

அந்த எலிகள் மேல் பாஞ்சாலிக்கு வந்த கோபத்தை எங்கே வைப்பதென்று தெரியவில்லை. வேலை முடிந்து தினமும் மத்தியானம் வந்து உப்புத்தாளை எடுத்து எதையாவது தேய்த்தாள். நோயல் டேங்கைக் கழுவினான். பிரேக் டிரம்களைக் கழற்றி அடித்து விடுவித்தான். பழைய டயர்கள் தேடிக் கொண்டுவந்தான். ஆதிகேசவன் ஜன்னலிலிருந்து பார்ப்பார். கீழே இறங்கி வரமாட்டார். எதிர்வீட்டுக் கேத்தரின் மட்டும் தினமும் வந்து, "என்னடி பாஞ்சாலி, ராக்கெட் எப்ப விடுறே?" என்று கேட்டுவிட்டுப் போவாள்.

பூஜைக்கு முந்தின ஞாயிறு காலை புது பேட்டரி மாட்டினார்கள். எஞ்சின் சுற்றியது. ஆனால் பற்றவில்லை. நோயல் சுற்றிவிட்டுக்கொண்டே இருந்தான். டீசல் ஒரு துளிகூடப் போகவில்லை. அவன் உடம்பை வளைத்து உள்ளே போய், கிரீஸும் எலி அழுக்கும் அப்பியிருந்த ஒரு தகட்டைக் கழற்றினான். கையை உள்ளே விட்டுத் தடவினான்.

"அக்கா, இங்க வா."

டீசல் பம்புக்கும் எஞ்சினுக்கும் நடுவில் ஒரு துணிச்சுருள் இருந்தது. பச்சைக் கரை போட்ட வேட்டித் துணி, தூசி போகாதபடி இறுக்கிச் சுற்றியது. நோயல் அதைப் பிரித்தான். உள்ளே ஒன்றும் இல்லை. வெறும் இடைவெளி. இரண்டு பக்கமும் போல்ட்டுகள் எண்ணெய் தடவித் திருப்பி முடுக்கப்பட்டிருந்தன.

"எலி போல்ட்டு முடுக்காதுக்கா" என்றான் நோயல். "கப்ளிங்கை யாரோ கழட்டியிருக்காங்க. ஒடைஞ்சு போகலை. கழட்டியிருக்காங்க. துணி வேற சுத்தி. செத்த பொணத்துக்கு யாராவது ஸ்வெட்டர் போடுவாங்களா?"

"கப்ளிங்னா எப்படி இருக்கும்?"

அவன் கையால் வட்டம் காட்டினான். "இவ்ளோதான். இரும்புல, ரவுண்டா. இந்தப் பக்கம் ரெண்டு பல்லு, அந்தப் பக்கம் ரெண்டு பல்லு. அது இல்லன்னா இன்ஜின் சுத்தும், பம்பு சுத்தாது. இந்தக் காலத்துல எங்க போய்த் தேடுறது? ஸ்கிராப்ல கூட..."

பாஞ்சாலி கேட்டு முடிக்கவில்லை.

அப்பா வீட்டுப் பூஜை அலமாரியில் பெருமாள் படத்துக்கு முன்னால் ஒரு சக்கரம் உண்டு. கறுப்பு இரும்பு, உள்ளங்கை அளவு, ஓரத்தில் பற்கள். பெருமாளின் சக்கரம் என்றுதான் அவள் நினைத்திருந்தாள். கேட்கத் தோன்றியதே இல்லை. சாமி அலமாரியில் இருப்பதை யாராவது என்ன என்று கேட்பார்களா? ஆயுத பூஜைக்கு ஸ்பேனர்களோடு அதையும் தேய்த்துக் கழுவி மஞ்சள் தடவிக் குங்குமம் வைப்பது அவள் வேலை. பதினெட்டு வருடம் அவள் கையாலேயே பொட்டு வைத்தாள். வைத்துவிட்டு, அப்பாவின் கால் வீக்கம் குறைய வேண்டும் என்று அதையே வேண்டிக்கொண்டாள்.

செருப்போடு உள்ளே போனாள். சக்கரத்தை எடுத்தாள். ஆதிகேசவன் எழுந்துவிட்டார்.

"பாஞ்சாலி, குளிக்காம தொடாதே."

"இது என்ன நைனா?"

"சாமி சாமான். வை."

"என்னன்னு கேட்டேன்."

அவர் சேரில் உட்கார்ந்தார். கை முறத்தைத் தேடியது. முறம் அங்கே இல்லை.

"ஊர்ல பேசினாங்கம்மா. வயசுப் பொண்ணு, விடியக்காலைல லாரில தனியா போறா, மார்க்கெட்ல ஆம்பளைங்களோட நிக்குறான்னு. சந்திரன் வீட்டுல பொண்ணு கேட்டு வந்தவங்க காதுக்கும் போச்சு."

"யாரு பேசினது? பேரு சொல்லு."

"கேத்தரினோட மாமியாரு. டிப்போ முனுசாமி. உங்க அத்தை."

"எல்லாரும் செத்துட்டாங்க நைனா! ஒருத்தர் மிச்சம் இல்ல. செத்துப் போனவங்க வாய்க்குப் பயந்து இதைக் கழட்டி வச்சியா? என்கிட்ட ஓட்டாதேன்னு ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமில்ல?"

"சொன்னா நீ கேட்டிருப்பியா?"

"கேட்டிருக்க மாட்டேன்."

"அதான்" என்றார் அவர். அந்த ஒரு சொல்லில் எல்லாம் முடிந்துவிட்டதுபோல. பிறகு மெதுவாக, "ஒரு மாசத்துக்குன்னுதான் கழட்டினேன். கல்யாணம் முடிஞ்சதும் மாட்டிடலாம்னு."

"ஏன் மாட்டலை?"

"மாட்டினா ஓடும். திடீர்னு எப்படி ஓடுதுன்னு நீ கேப்பே."

பாஞ்சாலி சக்கரத்தைப் புரட்டிப் பார்த்தாள். வாட்ச்மேன் யூனிஃபார்மில் அப்பா நின்ற அத்தனை இரவுகளும், வெந்நீரில் அவள் வைத்துத் தேய்த்த அந்தக் கால்களும் வரிசையாக வந்து போயின. ஒரு கேள்வியைத் தவிர்ப்பதற்காக இந்த மனிதர் தன் பிழைப்பையே பூட்டி வைத்திருக்கிறார். அவளுடையதையும் சேர்த்து. அவருக்காக அவள் எத்தனை வருடம் பாவப்பட்டிருக்கிறாள். அந்தப் பாவப்பட்டதையெல்லாம் திருப்பி வாங்க முடியாதா?

"நான் கல்யாணத்துக்கு ஏன் சரின்னேன் தெரியுமா? வண்டி போச்சே, நைனா என்ன பண்ணுவாருன்னு. இப்ப நான் ஊரோட குப்பையை அள்ளுறேன். அதுவும் வண்டிதான். விடியக்காலைலதான். ஆம்பளைங்களோடதான். இப்ப யாரும் ஒண்ணும் பேசலையா?"

"அதனாலதான் சாமிகிட்ட வச்சேன். தப்புன்னு தெரிஞ்சுதான்..."

"சாமி அதை மாட்டாது நைனா. ஸ்பேனர் வேணும்."

அவள் வெளியே வந்து சக்கரத்தை நோயலின் டீசல் டப்பாவில் போட்டாள். மஞ்சளும் குங்குமமும் அடுக்கடுக்காக உரிந்தன. ஒவ்வொரு அடுக்கும் ஒரு வருடம். அவள் பிரஷ்ஷை வைத்து இரும்பு தெரியும்வரை தேய்த்தாள்.

முதல் தடவை மாட்டியபோது எஞ்சின் இருமியது, பற்றவில்லை. சந்து முழுக்க வெள்ளைப் புகை.

"நோயல், டெங்கு கொசுவுக்கு மருந்தா அடிக்கிறே?" என்று மாடியிலிருந்து கேத்தரின் கத்தினாள்.

"சாரி ஆன்ட்டி, அரைச் சுத்து மாத்தி மாட்டிட்டேன்!"

திருப்பி மாட்டினான். இந்தத் தடவை அடிவயிற்றிலிருந்து ஒரு உறுமல் வந்து, தடுமாறி, நின்றுவிடப் போவதுபோல் தாழ்ந்து, பிறகு பிடித்துக்கொண்டது. ஜன்னல் கம்பிகள் அதிர்ந்தன. பின்தட்டில் தேங்கியிருந்த தண்ணீரில் வளையங்கள் ஓடின. பாஞ்சாலி அழவில்லை. இத்தனை வருடமும் உயிரோடு இருந்த ஒன்றைச் செத்துவிட்டதென்று சொல்லி அவளை நம்பவைத்திருக்கிறார்கள் என்பது மட்டும் அந்தச் சத்தத்தில் திரும்பத் திரும்பக் கேட்டது.

அருண்குமார் போனை நீட்டிக்கொண்டு ஓடி வந்தான். "அக்கா, ஓடுதுன்னு சொன்னேன். பப்காரன் இன்னும் ஜாஸ்தி தர்றேங்குறான். அறுக்கக்கூட மாட்டானாம். வாசல்ல அப்படியே நிறுத்தி வைப்பானாம்!"

"நிறுத்தி வைக்கவா?" என்றாள் பாஞ்சாலி. "அதுக்குத்தான் உங்க நைனா இருக்காரே. அவரைக் கூட்டிட்டுப் போ."

ஆயுத பூஜையன்று சந்தில் எல்லா வண்டிகளும் மாலை போட்டு நின்றன. நோயல் லாரியின் முன்னால் இரண்டு வாழைக்கன்று கட்டினான். பேப்பர் எல்லாம் சரியா என்று சந்திரன் கவலையோடு கேட்டான். "இன்னிக்கு வாழைக்கன்னுதான் பேப்பர். எந்த டிராஃபிக்காரனும் கை நீட்ட மாட்டான், போங்கண்ணா" என்றான் நோயல். சந்திரன் சாப்பாட்டு டப்பாவை சீட்டில் வைத்தான். "ஞாயித்துக்கிழமை நானும் லட்சுமம்மா தோட்டத்துக்கு வந்து பாக்குறேன்" என்றான். பாஞ்சாலி அவனுக்கு மட்டும் தலையசைத்தாள்.

பொரி வைக்க வேண்டாம் என்று பானெட்டை அவளே மூடினாள்.

ஆதிகேசவன் இறங்கி வந்தார். வேட்டி மடிப்பில் நான்கு எலுமிச்சம்பழங்கள். யாரும் கேட்கவில்லை. ஒவ்வொரு சக்கரமாகப் போய், முழங்காலைப் பிடித்துக் குனிந்து வைத்தார். நான்காவதை வைத்துவிட்டு டிரைவர் பக்கக் கதவுக்கு வந்து நின்றார்.

"ஹொசகோட்டை வரைக்கும் நானும் வரட்டா? அந்த மேட்டுல செகண்ட் கியர் கொஞ்சம் மொரண்டு பிடிக்கும்."

"எனக்குத் தெரியும்."

"எப்ப வருவே?"

"நகரு நைனா."

அவர் நகர்ந்தார். கிளட்ச்சை விட்டாள். லாரி ஒரு தடவை குலுங்கியது. நான்கு பழங்களும் ஒன்றன்பின் ஒன்றாக வெடித்தன. அந்த வாசனை எஞ்சின் சூட்டோடு கேபினுக்குள் ஏறியது. ஆட்கள் கை தட்டினார்கள். கேத்தரின் விசில் அடித்தாள்.

சந்து திரும்பும் இடத்தில் கண்ணாடியில் பார்த்தாள். எல்லாரும் லாரியைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஆதிகேசவன் மட்டும் தரையைப் பார்த்தபடி குனிந்திருந்தார். நசுங்கிய பழம் ஒன்றை ரோட்டிலிருந்து விரலால் வழித்து எடுக்கப் பார்த்துக்கொண்டிருந்தார். அது வரவில்லை.

பிரேக் நன்றாகவே பிடிக்கும். நேற்றுதான் நோயல் சரிபார்த்தான். பாஞ்சாலி அதை மிதிக்கவில்லை.