இருமாத குரல்

சங்கராந்தி கழிந்துவிட்டால், வட கர்நாடகத்தில் எங்கள் கொப்பள் பக்கத்து அரசுப் பள்ளி வாத்தியார்களுக்குச் சேவல் வேலையும் சேர்ந்துகொள்ளும். பத்தாம் வகுப்புப் பிள்ளைகளை ஆளுக்குக் கொஞ்சம் பேராகத் தத்து எடுத்துக்கொண்டு, பரீட்சை முடியும்வரை விடிவதற்கு முன்னால் போன் போட்டு எழுப்ப வேண்டும். எழுந்தாயா, முகம் கழுவினாயா, புத்தகத்தைத் திறந்தாயா என்று கேட்க வேண்டும். நான் கணக்கு வாத்தியார் வீரபத்ரப்பா. என் குரலுக்குப் பிள்ளையோடு சேர்ந்து தொழுவத்து எருமையும் எழுந்துவிடும் என்று ஊரில் பேச்சு.

அறிவியல் டீச்சர் சுமங்கலாவுக்கு அந்தக் கொடுப்பினை இல்லை. சாக்பீஸ் தூள் தின்ற தொண்டை. ஒரு வாக்கியத்துக்கு இரண்டு இருமல். அவள் வகுப்பை விட்டு வெளியே போனதும் பிள்ளைகள் அவளைப் போலவே இருமிக் காட்டிச் சிரிப்பார்கள். புருஷன் பெல்லாரியில் இரும்பு ஆலையில் வேலை, இடுப்பில் ஒரு குழந்தை. ஆனாலும் எங்கள் எல்லோரையும்விட அதிகம் பிள்ளைகளைத் தத்தெடுத்தவள் அவள்தான். யாரையாவது குறைசொல்ல வேண்டும் என்றால் வேலைக்கள்ளர்களைச் சொல்லலாம். அவளைச் சொல்ல எனக்கு வாய் வராது.

இந்த வருஷம் தொண்டை இன்னும் மோசமாகிவிட்டது. அதிகம் பேசாதே என்று டாக்டர் சொல்லிவிட்டார். பெங்களூரில் கம்ப்யூட்டர் வேலையில் இருக்கும் அவள் தம்பி வந்து போனில் ஒரு செயலியைப் போட்டுக் கொடுத்தான். அறிவியல் புத்தகத்தை அவள் கொஞ்ச நேரம் வாசித்துக் காட்ட, அது அவள் குரலைப் பிடித்துக்கொண்டது. அதிகாலையில் அதுவே போன் போடும், எழுப்பும், ஒரு கேள்வி கேட்கும், தப்பானால் திருத்தும். போனை எடுத்துப் பேசின பிள்ளைக்குப் பச்சைப் புள்ளி, சரியாகப் பதில் சொன்ன பிள்ளைக்கு நட்சத்திரம். பேசினதெல்லாம் பதிவாகியும் இருக்கும்.

நான் கேட்டது ஒன்றுதான். பிள்ளைகளிடம் இது மெஷின் என்று சொல்லிவிட்டாயா?

"சொன்னா எந்திரிப்பாங்களா சர்? எனக்குப் பயந்துதானே எந்திரிக்கிறாங்க" என்று இருமலுக்கு நடுவே சிரித்தாள். எனக்கு அது சரியாகப் படவில்லை. ஆனால் நானும் கூடச் சேர்ந்து சிரித்துவிட்டு டீ குடிக்கப் போய்விட்டேன். எனக்கும் தூக்கம் மிச்சமாகட்டும், அந்தத் தம்பி அடுத்த தடவை வரும்போது என் போனிலும் போடச் சொல்லலாம் என்று ஓர் ஆசை.

பலன் இல்லாமல் இல்லை. மாதிரிப் பரீட்சையில் அமிலத்துக்கும் காரத்துக்கும் வித்தியாசம் தெரியாத பயல்கள்கூடத் தேறினார்கள். செய்தி பரவி, தாலுகா கல்வி அதிகாரி காதுக்குப் போய், தலைமை ஆசிரியர்கள் கூட்டத்தில் வந்து காட்டுங்கள் என்று அழைப்பும் வந்தது.

அந்தச் சமயத்தில்தான் ஹுலிகெம்மா பள்ளிக்கு வருவது நின்றது. அவள் சுமங்கலாவின் தத்துப்பிள்ளை, அறிவியலில் கெட்டிக்காரி. எங்கள் பள்ளியில் ஒரு வழக்கம் உண்டு. ஒரு பிள்ளை தொடர்ந்து வராவிட்டால் வாத்தியாரில் ஒருவர் வண்டியை எடுத்துக்கொண்டு வீட்டுக்கே போய் வாசலில் உட்கார்ந்துவிடுவோம். நான் வண்டியை வெளியே எடுத்துவிட்டேன். சுமங்கலா ஓடிவந்து போனை நீட்டினாள். ஹுலிகெம்மா பெயருக்கு நேராகத் தினமும் பச்சை, தினமும் நட்சத்திரம். வீட்டில் உட்கார்ந்து படிக்கிறாள் சர், எதற்கு வெயிலில் போகிறீர்கள் என்றாள். வெயில் நிஜமாகவே அதிகம். வண்டியைத் திரும்ப ஸ்டாண்டு போட்டேன்.

கூட்டம் தாலுகா ஆபீஸ் மாடியில். மிர்ச்சி பஜ்ஜியும் மண்டக்கிப் பொரியும் சுற்றி வந்தன. சுமங்கலாவுக்குப் போர்த்த ஒரு சால்வை மேஜைமேல் தயாராக இருந்தது. அதிகாரி நல்ல மனுஷன். ஒரு பிள்ளை பேசுவதை எல்லோரும் கேட்கட்டுமே என்றார். சுமங்கலா போனை ஒலிபெருக்கியோடு இணைத்து, நட்சத்திர வரிசையில் மேலே இருந்ததைத் தொட்டாள். அன்று காலையில் ஹுலிகெம்மா பேசியது.

"எந்திரிச்சியாம்மா?" சுமங்கலாவின் குரல், தேன் தடவினது போல.

"எந்திரிச்சேன் மிஸ்." பிள்ளை கிசுகிசுத்தது. "மிஸ், நாளைக்கு அண்ணன் கல்யாணப் பந்தல்லயே எனக்கும் முடிக்கப் போறாங்க. மாமாவுக்கு. நான் பரீட்சை எழுதணும் மிஸ். நீங்க ஒரு தடவை வீட்டுக்கு வாங்க."

"மனசு விட்டுச் சொன்னதுக்கு ரொம்ப சந்தோஷம்மா. கவலைப்படாதே. முகம் கழுவிட்டு உக்காரு. ஓம் விதி என்னன்னு சொல்லு பார்க்கலாம்."

எங்கோ பாத்திரம் உருட்டும் சத்தம் மட்டும். அப்புறம் அந்தப் பிள்ளை சொன்னது. "வெப்பநிலை மாறாம இருந்தா, கம்பியில ஓடுற மின்னோட்டம் மின்னழுத்தத்துக்கு நேர் விகிதத்துல இருக்கும்."

"அருமை. இன்னைக்கும் உனக்கு நட்சத்திரம்."

பின்வரிசையில் யாரோ வேடிக்கை என்று நினைத்துச் சிரித்தார், பாதியில் நிறுத்திக்கொண்டார். போன் தானாகவே முந்தின நாள் பதிவுக்குப் போனது. அதிலும் அதே கெஞ்சல், அதே கவலைப்படாதே, வேறொரு கேள்வி, ஒரு நட்சத்திரம். சுமங்கலாவுக்கு அதை நிறுத்தக்கூடக் கை வரவில்லை. நான்தான் எழுந்து போய் ஒயரைப் பிடுங்கினேன். எத்தனையோ கூட்டங்களில் திட்டு வாங்கியிருக்கிறேன். அன்றைக்குப் போல் தரையைப் பார்த்து நின்றதில்லை.

அதிகாரி குழந்தைகள் உதவி எண்ணுக்குப் போன் போட்டார், ஒரு பெண் போலீஸை வரவழைத்தார், தன் ஜீப்பிலேயே எங்களை ஏற்றிக்கொண்டார். சால்வை மேஜைமேலேயே கிடந்தது. வழியெல்லாம் சுமங்கலா, அவள் முகத்தில் எப்படி விழிப்பேன் சர் என்று என்னையே கேட்டுக்கொண்டு வந்தாள். வண்டியைத் திரும்ப ஸ்டாண்டு போட்டவன் நான்.

பந்தல் போட்டாகிவிட்டது. மஞ்சள் அரைத்தாகிவிட்டது. ஒரே பந்தல், ஒரே சமையல், இரண்டு கல்யாணம் என்று அப்பன் கணக்குப் போட்டிருந்தான். மாப்பிள்ளையாக இருந்த மாமன் போலீஸைக் கண்டதும் பின்பக்கமாக நழுவிவிட்டான். அப்பன் கொஞ்ச நேரம் கத்திவிட்டு, பதினெட்டு முடிகிறவரை கல்யாணப் பேச்சில்லை என்று எழுதிக் கையெழுத்துப் போட்டான். பரீட்சைவரை பெண் அரசு விடுதியில் இருப்பதற்கும் ஒத்துக்கொண்டான். எல்லாம் முடிந்த பிறகு சுமங்கலாவிடம் வந்தான். சண்டைக்கு இல்லை. நிஜமாகவே புரியாமல் கேட்டான்.

"தினமும் போன்ல பேசினீங்களே மிஸ். நான் பக்கத்துக் கட்டில்ல படுத்துக்கிட்டுக் கேட்டுட்டுதான் இருந்தேன். அவ அழுவா, நீங்க கவலைப்படாதேம்பீங்க. ஒரு நாளாவது வேண்டாம்னு சொன்னீங்களா? சரி, மிஸ்ஸே ஒத்துக்கிட்டாங்க, நாம செய்யறது தப்பில்லன்னு நெனச்சேன்."

படித்தவர்கள் நாலு பேர் நின்றிருந்தோம். நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல இருந்தது.

ஹுலிகெம்மா உள்ளறையில் தாழ் போட்டுக்கொண்டு இருந்தாள். யார் கூப்பிட்டும் திறக்கவில்லை. சுமங்கலா கதவருகே போய்ப் பெயரைச் சொல்ல வாயெடுத்தாள். பெயருக்குப் பதிலாக இருமல்தான் வந்தது, நீளமாக, வறட்டு இருமல். உடனே தாழ் விலகியது.

பிள்ளை முகமெல்லாம் மஞ்சள். சுமங்கலா அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். தாமதமாகிவிட்டது என்று ஏதாவது சொல்லிச் சமாளித்திருக்கலாம். சமாளிக்கவில்லை. இருமி இருமிச் சொன்னாள்.

"போன்ல பேசினது நான் இல்லம்மா. மெஷின். நீ சொன்னது ஒண்ணுமே என் காதுல விழல."

"தெரியும் மிஸ்."

"தெரியுமா?"

"இருமாம ரெண்டு வார்த்தை பேச உங்களால ஆகாதே. முதல் வாரத்துலயே எல்லாருக்கும் தெரிஞ்சுபோச்சு. நீங்க சங்கடப்படுவீங்கன்னு யாரும் சொல்லல."

மெஷின் என்று தெரிந்தும் அதனிடம் போய் ஏன் சொன்னாய் என்று நான் கேட்டேன்.

"அப்பா அந்த ஒரு நேரம்தான் போனைக் கையில தருவாரு சர். மிஸ் போன் வந்தாத்தான் தருவாரு. வேற யார்கிட்ட சொல்ல?" பிறகு அவள் சுமங்கலாவைப் பார்த்தாள். குற்றம் சொல்கிற பார்வை இல்லை. வீட்டுப்பாடத்தை ஒப்பிக்கிறவளைப் போலத்தான் சொன்னாள். "சரியாச் சொன்னா நட்சத்திரம் போட்டு மேல வெக்கும்னு அதுவே சொல்லும். மேல இருக்கறதையாவது நீங்க என்னைக்காவது ஒரு நாள் கேப்பீங்கன்னு நெனச்சேன் மிஸ். அதான் ஒரு பதிலும் தப்பாச் சொல்லல."

மெஷினைத் திட்டி என்ன ஆகப்போகிறது? அது பேசச் சொன்னதைப் பேசிற்று. கேட்க வேண்டிய காது எங்களுடையது.

சுமங்கலா பதில் சொல்லத்தான் பார்த்தாள். மறுபடி இருமல் பிடித்துக்கொண்டது. கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு, கண்ணில் நீர் வர, நிற்காமல் இருமினாள். ஹுலிகெம்மா உள்ளே ஓடி ஒரு செம்பில் தண்ணீர் கொண்டுவந்து நீட்டினாள். அதை வாங்கிக்கொள்ள சுமங்கலாவுக்குக் கை எழவில்லை. பிள்ளை செம்பை நீட்டியபடியே நின்றுகொண்டிருந்தாள்.