கசங்கல் போகும் இடம்

மழைக்காலம் முடிந்த திங்கட்கிழமையிலிருந்து, இஸ்திரிக்காரம்மா தேய்த்த சட்டைகள் கசங்குவதை நிறுத்திக்கொண்டன. முறுக்கிப் பிழிந்தாலும், பேருந்து நெரிசலில் இரண்டு மணி நேரம் நசுங்கினாலும் மடிப்பு அப்படியே நின்றது. தெருவே அவளை வாயாரப் புகழ்ந்தது. புகழ்ந்த கையோடு அவளிடம் வருவதையும் நிறுத்தியது. நான்காம் மாதம் தேய்க்க ஒரு கைக்குட்டைகூட மிச்சமில்லை. இஸ்திரிப் பெட்டியில் கரி சும்மா கனன்று சாம்பலானது. தள்ளுவண்டியை விற்றுவிடலாமா என்று அவள் யோசிக்கத் தொடங்கினாள்.

கசங்கல் எங்காவது போய்த்தானே ஆக வேண்டும். அது வண்டிக்கு நேர் மேலே, முதல் மாடியில் குடியிருந்த இயற்பியல் விரிவுரையாளரின் முகத்துக்குப் போனது, சட்டைக்கு ஒரு கோடு வீதம். அவருக்கு வயது முப்பத்திரண்டு. பேருந்தில் எண்பது வயதுக்காரர்கள் எழுந்து இடம் கொடுத்தார்கள். ஓரிடம் ஒழுங்கானால் வேறோரிடம் அதைவிடக் கூடுதலாகக் குலையும் என்று வகுப்பில் நடத்துகிறவர்தான். அந்த வேறோரிடம் தன் முகமாக இருக்கும் என்று எதிர்பார்க்கவில்லை. விடுமுறை நாட்களில் அவர், பிரபஞ்சத்துக்கு ஆரம்பமே கிடையாது என்று நிரூபிக்கும் புத்தகம் ஒன்றை எழுதிக்கொண்டிருந்தார்.

ஒரு ஞாயிறு காலை சண்டைக்கு இறங்கி வந்தார்.

“என் மூஞ்சியைப் பாருங்கக்கா. இது நியாயமா?”

“உங்களுக்கு மூஞ்சிதான் போச்சு தம்பி. எனக்குப் பொழப்பே போச்சு” என்றவள், வேறு வேலை இல்லாததால், அவரை வண்டிமேல் படுக்கவைத்து, பட்டுக்கு ஆறவைக்கிற மாதிரி பெட்டியை ஆறவைத்து, ஈரத்துண்டு போட்டு நெற்றியில் ஓர் இழுப்பு இழுத்தாள். எதிர்ச்சாரியில் போய்க்கொண்டிருந்த தபால்காரரின் காலர் சுருண்டது. இரண்டு கன்னங்களும் முடிவதற்குள் தெருவில் ஒரு சட்டைகூட நேராக இல்லை. வண்டிக்குப் பின்னால் வரிசை நின்றது.

படுத்தபடியே அவர் தன் புத்தகத்தைப் பற்றிச் சொன்னார். அவள் சிரித்துவிட்டாள்.

“உலகம் எப்பவுமே இருந்திருந்தா, இந்நேரம் எல்லாம் கசங்கி முடிஞ்சிருக்கணுமே! கசங்கறதுக்கு இன்னும் ஒரு சட்டை பாக்கி இருக்குன்னா, மொதல்ல எவளோ ஒருத்தி நல்லா தேய்ச்சு வெச்சிருக்கா. வாயை மூடுங்க, உதடு சுட்டுடும்.”

அதற்கப்புறம் இருபது வருஷம் ஓடிவிட்டது. வாரமெல்லாம் அவள் சட்டைகளைத் தேய்க்கிறாள், ஞாயிறுதோறும் அவரை. கரி மட்டும் மூட்டை மூட்டையாகச் சாம்பலாகிறது. அவருடைய காதோரம் நேரம் பிடிக்கிறது என்பதைத் தவிர வரிசையில் நிற்பவர்களுக்கு எந்தப் புகாரும் இல்லை. புத்தகம் நானூற்றுப் பதினோராம் பக்கத்தோடு நின்றுவிட்டது. ஈரத்துண்டுக்கு அடியில் கண்ணை மூடிக் கிடக்கும்போது அவருக்கு ஒரே ஒரு கவலைதான்: உலகத்தைத் தேய்த்து வைத்த அந்த முதல் இஸ்திரியின்போது மேல்மாடியில் யார் குடியிருந்தாரோ, பாவம்.