பதினேழு நிமிடக் கூட்டம்

"பதினேழு நிமிஷத்த எழுத்துல போடவா, எண்ணுல போடவா?" என்று கேட்டாள் என் மனைவி. செவ்வாய்க்கிழமை காலை. ஒரு காலில் செருப்பு மாட்டியிருந்தாள், இன்னொன்றைக் காணவில்லை. பொதுக்கூட்டத் துண்டறிக்கையின் கைப்படியை என் தட்டுக்குப் பக்கத்தில் வைத்திருந்தாள்.

"எழுத்துலயே போடு. எண்ணுல போட்டா எங்க அச்சகத்துல எழுபத்தொண்ணு ஆக்கிடுவாங்க."

"ஆக்கினா தலைவருக்கு சந்தோஷம்தான்." கட்டிலுக்கடியில் இருந்து இன்னொரு செருப்பைக் காலாலேயே இழுத்து மாட்டிக்கொண்டாள். "சாயங்காலத்துக்குள்ள பிழை பாத்து வைங்க, புரூப் சார்."

போய்விட்டாள். மருத்துவமனையின் சலவைப் பிரிவில் அவளுக்கு இஸ்திரி வேலை. பத்து இருபதுக்கு ஒரு படுக்கை விரிப்பை மடித்துக்கொண்டிருந்தவள் அதன்மேலேயே சரிந்தாள். ஆஸ்பத்திரிக்குள்ளேயே விழுந்ததால் டாக்டர் வர இரண்டு நிமிடம்கூட ஆகவில்லை என்று எல்லோரும் என்னிடம் சொன்னார்கள். இரண்டு நிமிடத்தில் வந்தவர், இதயம் நின்றுவிட்டது என்றார்.

அவள் எங்கள் பகுதிக் கிளையின் செயலாளர். கட்சி, உழைப்பவர்களின் கட்சி. பெயரிலும் கொடியிலும் உழைப்பு இருந்தது. கூட்டங்கள் மட்டும் வார நாளில் காலை பதினொரு மணிக்கு நடக்கும். மாவட்டத் தலைவரின் குரல் பதினொரு மணிக்குத்தான் நன்றாகத் திறக்குமாம். எங்கள் கிளையில் நானூற்றுப் பன்னிரண்டு உறுப்பினர்கள். போன கூட்டத்துக்கு வந்தவர்கள் பத்தொன்பது பேர். அதில் நான்கு பேர் எதிர்க்கட்சி. பந்தலில் நிழல் இருந்ததால் உட்கார்ந்திருந்தார்கள். நான் அச்சகத்தில் பல்வலி என்று சொல்லிவிட்டு வந்திருந்தேன்.

"உழைக்கும் தோழர்களே!" என்று தலைவர் அந்தப் பத்தொன்பது பேரையும் பார்த்து முழங்கினார். உழைக்கும் தோழர்கள் அந்த நேரத்தில் பிஸ்கட் ஆலையில் மாவு பிசைந்துகொண்டும், பேருந்து ஓட்டிக்கொண்டும், படுக்கை விரிப்பு துவைத்துக்கொண்டும் இருந்தார்கள்.

மறு வாரம் தலைமையிலிருந்து கடிதம் வந்தது. அடுத்த கூட்டத்துக்கு நானூறு பேர் வராவிட்டால் கிளை கலைக்கப்பட்டு அடுத்த பகுதியோடு சேர்க்கப்படும். ஒன்பது வருடமாக வீடு வீடாக ஏறி அவள் உண்டாக்கிய கிளை அது. கடிதத்தை இரண்டு தடவை படித்தாள். பிறகு, "உங்க அச்சகத்துல பெரிய தாள் கிடைக்குமா?" என்று கேட்டாள்.

உருளையில் மிச்சமான தாளை, சுவரின் இந்த முனையிலிருந்து அந்த முனை வரைக்கும் வருகிற அளவுக்குக் கொண்டுவந்தேன். நான்கு மாதம். ஓர் உறுப்பினருக்கு ஒரு வரிசை. வேலை நேரம் சிவப்பு, தூக்கம் நீலம், நடைக்கும் பேருந்துக்கும் மஞ்சள். ஓய்வு என்றால் நிறம் போடாமல் வெள்ளை. ஞாயிற்றுக்கிழமையை நான் முதலிலேயே சொல்லிப்பார்த்தேன். ஆஸ்பத்திரிக்கும் பேருந்துக்கும் ஞாயிறு இருக்கிறதா என்று கேட்டு வாயை அடைத்துவிட்டாள்.

ஒரு ரொட்டிக்கடைக்காரர், "எனக்கு எப்ப ஓய்வுன்னா அக்கா, என் பெண்டாட்டி திட்டி முடிச்சதுக்கும் எங்கம்மா ஆரம்பிக்கிறதுக்கும் நடுவுல" என்றாராம். அதையும் விடவில்லை. இருவரிடமும் நேரில் போய் நேரம் கேட்டுக் குறித்துவந்தாள்.

ஒரு வெள்ளிக்கிழமை அவள் சுவரிலிருந்து பின்பக்கமாகவே நடந்து வந்து சமையலறை வாசலில் நின்றாள். "அங்க பாருங்க" என்றாள். சிவப்பும் நீலமும் மஞ்சளுமாக இருந்த சுவரில், மேலிருந்து கீழ்வரை, தலைவாரும்போது எடுக்கிற வகிடு மாதிரி ஒரே ஒரு வெள்ளைக் கோடு. வியாழன், பகல் இரண்டு பத்திலிருந்து இரண்டு இருபத்தேழு வரை. ஆலையிலும் பணிமனையிலும் ஆஸ்பத்திரியிலும் ஆள் மாறுகிற நேரம். இரவுக் காவலாளிகள் தூங்கி எழுந்திருப்பார்கள். எல்லாம் ஒரே சாலையில்தான். கைகழுவ ஐந்து நிமிடம், வரும்போது நடை ஐந்து நிமிடம், திரும்பும்போது ஓட்டம் மூன்று நிமிடம் என்று கழித்தபிறகு மிஞ்சியது பதினேழு.

கிளைக் குழு எங்கள் வீட்டில் கூடியது. துணைச் செயலாளர் ஓய்வுபெற்ற நில அளவையாளர். தாளில் அவருடைய வரிசை முழுக்க வெள்ளை.

"பதினேழு நிமிஷத்துல வரவேற்புரை யாரும்மா பேசறது?" என்றார்.

"யாரும் வேண்டாம். வந்தவங்களுக்குத் தெரியும் வந்துட்டோம்னு."

"முன்னிலை? தலைமை? நன்றியுரை?"

"நன்றிய வீட்டுலயே சொல்லிட்டு வரச் சொல்லியிருக்கேன்."

மூலையிலிருந்து மைக் செட்காரர் கையைத் தூக்கினார். "அக்கா, ஒரு சந்தேகம். அந்த நேரத்துல எனக்கும் ஓய்வுதானே? என் வரிசையிலயும் வெள்ளைதானே இருக்கு?"

"ஆமா."

"அப்ப நான் எதுக்கு மைக் கட்டணும்? நானும் கேக்க வரேன்."

அவள் சுவரைத் திரும்பிப் பார்த்தாள். பந்தல்காரர், மேடைத் தச்சர், தலைவரின் காரோட்டி, எல்லோரும் அந்தக் கோட்டில் இருந்தார்கள். எல்லோருக்கும் ஓய்வு கிடைக்கிற நேரத்தைத்தான் அவள் கண்டுபிடித்திருந்தாள். அந்த நேரத்தில் கூட்டம் நடத்த ஓர் ஆள் கிடையாது.

"சரி. மைக் வேண்டாம், மேடை வேண்டாம். தலைவர் ஒரு முக்காலி கொண்டுவரட்டும்" என்றாள்.

"கார்?"

"சைக்கிள் ஓட்டத் தெரியுமான்னு கேளுங்க."

கேட்டார்கள். தலைவர் நேரடியாக அவளையே தொலைபேசியில் கூப்பிட்டார். எதிர்முனைக் குரல் எனக்கே கேட்டது. "என்னம்மா இது, பதினேழு நிமிஷத்துல நான் இருமிக்கூட முடிக்க மாட்டேனே."

"வீட்டுலயே இருமிட்டு வந்துடுங்க தலைவரே."

பார்க்கலாம் என்றார். அந்தப் 'பார்க்கலாம்' கிடைக்க அவளுக்கு மூன்று வாரம் ஆனது. நாள் குறித்தாள். அந்த வியாழனுக்கு முந்தைய செவ்வாய்தான் நான் முதலில் சொன்னது.

அன்று மாலை துணைச் செயலாளர் வந்தார். என் கையைப் பிடித்துக்கொண்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தார். பிறகு, வியாழக்கிழமைக் கூட்டம் துக்கம் காரணமாக ரத்து என்றார். "அடக்கம் புதன்கிழமை, தம்பி. பதினொரு மணிக்கு."

அதற்கு யார் வருவார்கள் என்று எண்ணிப்பார்த்தேன். அவர், நான், நிழல் இருந்தால் அந்த நான்கு பேர்.

எழுந்து தாளைச் சுவரிலிருந்து உரித்தேன். சுருட்டித் தோளில் வைத்துக்கொண்டு புதன் காலை கல்லறை அலுவலகத்துக்குப் போனேன்.

குமாஸ்தா நல்ல மனிதர்தான். "வியாழக்கிழமை தரேன் சார். ஆனா பதினொண்ணுக்குத்தான்."

"ரெண்டு பத்துக்கு வேணும்."

"இங்க எல்லாருமே பதினொண்ணு சார். இதுவரைக்கும் யாரும் குறை சொன்னதில்ல."

"சொல்ல மாட்டாங்க."

அவர் சிரிக்கலாமா கூடாதா என்று என் முகத்தைப் பார்த்தார். "ரெண்டு பத்துக்குக் குழிவெட்டறவங்களுக்கு ஓய்வு. கயிறு பிடிச்சு இறக்க ஆள் இருக்காது."

"தெரியும். அதனாலதான் கேக்கறேன்."

தாளை அவர் மேசையில் விரித்தேன். மேசை போதாமல் தரையில் உருண்டு கதவு வரை போனது. இப்படிப்பட்ட தாளைப் பார்க்கிற யாரும் செய்வதைத்தான் அவரும் செய்தார். தன் வரிசையைத் தேடினார். முந்நூற்று ஆறாவது வரிசையில் விரல் நின்றது. அது மட்டும் பென்சிலால் எழுதியிருந்தது.

"நான் உறுப்பினர்னு யாருக்கும் தெரியாது சார்."

"யார்கிட்டயும் சொல்ல வேண்டாம்னீங்களாம். அதான் பென்சில்."

"உங்ககிட்டயும் சொல்லலையா?"

"இல்ல. இந்தப் பென்சில் என்னன்னு கேட்டேன். 'அது அவர் விஷயம்'னு சொல்லிட்டா."

குமாஸ்தா பதிவேட்டைத் திறந்தார். நேரம் எழுதும் கட்டத்தில் பதினொன்று என்று முன்கூட்டியே அச்சாகியிருந்தது. அதை அடித்து, மேலே இரண்டு பத்து என்று எழுதி, சுருக்கொப்பம் இட்டார். குழியைக் காலையிலேயே வெட்டிவைக்கச் சொல்வதாகச் சொன்னார். இறக்குவதற்கு நான்தான் ஏதாவது செய்துகொள்ள வேண்டும். கல்லறைத் தோட்டமும் அதே சாலையில்தான்; திரும்பும் வழியில் ஆலை, பணிமனை, ஆஸ்பத்திரி வாசல்களில் நேரத்தைச் சொல்லிவிட்டு வந்தேன்.

வியாழன் இரண்டு எட்டுக்குக் கல்லறைத் தோட்டத்தில் பெட்டியும், நானும், துணைச் செயலாளரும் இருந்தோம். பெட்டியைக் கொண்டுவந்த வண்டிக்காரர் தனக்கு ஓய்வு தொடங்குகிறது என்று சொல்லி ஓரமாகப் போய் நின்றார். துணைச் செயலாளர் கைக்கடிகாரத்தைப் பார்த்துவிட்டு என்னைப் பார்த்தார். நான் என் செருப்பைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அவள் கணக்குத் தப்பாக இருக்கலாம் என்று அந்த இரண்டு நிமிடத்தில்தான் முதன்முதலாக எனக்குத் தோன்றியது. அப்படித் தோன்றியதற்காக அவளிடம் மனதுக்குள் மன்னிப்புக் கேட்டேன்.

இரண்டு பத்துக்கு வாசல் நிறைந்தது. ஆலைக்காரர்கள் தலையில் வலைத்தொப்பியோடு, புருவத்தில் மாவோடு வந்தார்கள். ஓட்டுநர்களும் நடத்துனர்களும் சீருடையில். சலவைப் பிரிவுப் பெண்கள் பதினான்கு பேர், கையெல்லாம் நீரில் ஊறி வெளுத்து. ரொட்டிக்கடைக்காரர் மனைவியோடும் அம்மாவோடும் வந்தார். மூவரும் பேசாமல் நின்றார்கள். பாதையில் இடமில்லாமல் கல்லறைகளுக்கு நடுவிலும் நின்றார்கள். மைக் செட்காரர் வெறுங்கையோடு முன்னால் நின்று அழுதார்.

கயிற்றை எடுக்க நான் குனிந்தபோது குழிவெட்டுகிறவர்கள் நான்கு பேரும் சாப்பாட்டுத் தூக்கைக் கீழே வைத்துவிட்டு வந்தார்கள்.

"உங்களுக்கு ஓய்வு நேரம்" என்றேன்.

"ஓய்வுலதான் சார் வந்திருக்கோம்" என்றார் மூத்தவர். "வேலை நேரமா இருந்தா இது வேலை ஆயிடும். தள்ளுங்க."

இறக்கினார்கள். வரவேற்புரையும் இல்லை, நன்றியுரையும் இல்லை. ஒவ்வொருவரும் ஒரு பிடி மண் போட்டார்கள். இரண்டு வரிசையாக வந்தும், கடைசி ஆள் போட்டபோது இரண்டு இருபத்தாறு. பிறகு எல்லோரும் என்னைப் பார்த்துத் தலையசைத்தபடியே பின்பக்கமாக நடந்தார்கள். வாசலைத் தாண்டியதும் ஓடுகிற சத்தம் கேட்டது. நானூறு பேர் ஓடினால் தரை அதிருமென்று எனக்குத் தெரியாது.

தலைவர் இரண்டு நாற்பதுக்கு வந்தார். காரோட்டிக்கு இரண்டரை வரைக்கும் ஓய்வு.

"எங்கய்யா ஜனங்க?" என்றார்.

துணைச் செயலாளர் ஓரடி முன்னால் வந்தார். அவர் கண் சிவந்திருந்தது. "நானூறு பேரும் வந்துட்டுப் போயிட்டாங்க தலைவரே. என் கண்ணால பாத்தேன்."

"இருபது வருஷமா பத்துப் பேர் வந்தாலே 'திரளாக'ன்னு அறிக்கை எழுதற ஆள் நீ."

"இன்னைக்கு நெஜம் தலைவரே."

தலைவர் அவர் தோளில் ஆறுதலாகத் தட்டினார். பிறகு உழைக்கும் தோழர்களே என்று தொடங்கி, எங்கள் இருவருக்கும் ஒன்றே முக்கால் மணிநேரம் பேசினார். கூட்டம் சேர்ப்பதில் அவளுக்கு இணை யாருமில்லை என்றார். வியாழக்கிழமைக் கூட்டத்துக்கு வந்தவர்கள் இரண்டு பேர் என்று தலைமைக்கு எழுதிப்போட்டார். மறு மாதம் கிளை கலைக்கப்பட்டது.

துணைச் செயலாளர் இப்போது எந்தக் கட்சியிலும் இல்லை. சில வியாழக்கிழமைகளில் கல்லறைத் தோட்டத்துக்கு வருகிறார். நான் மதியத்தில் அரை மணி அனுமதி வாங்கிக்கொள்கிறேன். பல்வலி என்று இப்போது சொல்வதில்லை. யாராவது மாவுக்கையோடு வந்து நின்றுவிட்டு ஓடுவார்கள்.

நேற்று அடுத்த பகுதிக் கிளையின் துண்டறிக்கை பிழைதிருத்த என் மேசைக்கு வந்தது. 'உழைக்கும்' என்பதில் ஓர் எழுத்து விடுபட்டிருந்தது, சேர்த்தேன். இடத்தையும் தேதியையும் கைப்படியோடு ஒப்பிட்டேன். நேரத்தையும் ஒப்பிட்டேன். காலை பதினொரு மணி. கைப்படியில் உள்ளபடியே இருந்தது.