ஒரு தம்பதிக்கு ஒரு வீடு

லிஃப்ட் மெக்கானிக்குக்குக் கையில் கிடைத்த எதையும் கழற்றிப் பார்க்காமல் தூக்கம் வராது. அதனால் வரி அலுவலகத்தின் கடிதத்தையும் கழற்றிப் பார்த்துவிட்டு, மனைவியைத் தேடி மச்சான் வீட்டுக்கு வந்தார். அங்கேயே தங்கி, கட்டிலோடு கிடக்கும் தன் அண்ணனுக்குக் கஞ்சி ஊட்டிக்கொண்டிருந்தாள் அவள்.

"இங்க பாரு, ரொம்ப சுலபம்" என்று ஆரம்பித்தார். "சொந்த வீட்டுல சொந்தக்காரங்களே குடியிருந்தா வீட்டு வரியில முக்கால்வாசி தள்ளுபடி. ஆனா புருஷன் பொண்டாட்டிக்குச் சேத்து ஒரு வீடுதான். நான் நம்ம வீட்டுக்குத் தள்ளுபடி வாங்கிட்டேன். உங்கப்பா உன் பேர்ல எழுதின இந்த வீட்டுக்கு நீ வாங்கிட்டே. இப்ப கம்ப்யூட்டர் ரெண்டு பேரையும் ஜோடி சேத்துடுச்சு."

"நம்ம கல்யாணத்தை அதுக்கு இப்பதான் சொன்னாங்களா?" என்றாள்.

அவருக்குச் சிரிப்பு வரவில்லை. இந்த வீட்டுச் சலுகை போனால், விட்டுப்போன வருடங்களுக்கும் சேர்த்து முழு வரி. கட்ட வழியில்லை, விற்கத்தான் வேண்டும். அசைக்கவே நாலு பேர் வேண்டிய மனிதரை எங்கே கொண்டுபோய்ப் போடுவது?

"என்னைத் தெருவுல வைங்க மாப்பிள்ளை. எனக்கு எந்த வரியும் வராது" என்றார் மச்சான்.

"சும்மா இருங்க மச்சான். ஒரு வழி இருக்கு." மெக்கானிக்கின் முகம் மலர்ந்தது. ஆஸ்பத்திரி, வெளியூர் வேலை என்று ஒருவர் எத்தனை நாள் விலகியிருந்தாலும், திரும்பி வரும் எண்ணம் இருந்தால் பழைய வீடுதான் அவர் வீடு. எண்ணம் இல்லையென்றால் தம்பதி பிரிந்ததாகக் கணக்கு. அப்போது ஆளுக்கொரு வீடு, ஆளுக்கொரு சலுகை. "வரி ஆபீஸ்ல கேப்பாங்க. 'இல்ல'ன்னு ஒரு வார்த்தை சொல்லு, போதும். எங்க, சொல்லு பாப்போம்?"

"இல்ல."

"சிரிக்காம சொல்லு."

"நான் சிரிக்கலையே."

மறுநாள் அலுவலகத்தில் அதிகாரியம்மா கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு கேட்டார். "இவர் வீட்டுக்குத் திரும்பிப் போற எண்ணம் இருக்காம்மா?"

"இல்ல."

பிசிறில்லாமல் வந்தது. மெக்கானிக்குக்கு உள்ளூரப் பெருமை.

"எப்பலேருந்து?"

இதை அவர் சொல்லிக்கொடுக்கவில்லை. "அது வந்து மேடம், போன..." என்று முந்தினார்.

"சார், அவங்க சொல்லட்டும்."

அவள் யோசிக்கவில்லை. "தையல் மிஷினை எடுத்துட்டுப் போனேனே, அன்னிலேருந்து."

அந்த மிஷினை லிஃப்டில் ஏற்றி, கதவு மூடிவிடாமல் காலால் தடுத்து நின்றவர் அவர்தான். அண்ணன் பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் நேரத்தில் ஏதாவது தைப்பாள் என்று நினைத்திருந்தார். திரும்பி வரும்போது தானே தூக்கி வந்துவிடலாம் என்றும் கணக்குப் போட்டிருந்தார்.

அதிகாரியம்மா எழுதி முடித்தார். "ரெண்டு வீட்டுக்கும் சலுகை தொடரும். போயிட்டு வாங்க."

வெளியே படிக்கட்டில் அவர் சிரிக்கப் பார்த்தார். "சொல்லிக்கொடுக்காததையும் சேத்து அள்ளி விட்டியே! எனக்கே ஒரு நிமிஷம் பக்குனு ஆயிடுச்சு."

அவள் பையைத் தோளில் மாட்டிக்கொண்டாள். அவர் முகத்தைப் பார்க்கவில்லை.

"வேளாவேளைக்குச் சாப்பிடுங்க" என்று சொல்லிவிட்டு இறங்கிப் போனாள்.