டி பிரிவில் சொன்னது

ஒரே பாடத்தை ஒரே நாளில் நான்கு முறை நடத்துகிறவர்களுக்குத்தான் இது தெரியும். ஏ பிரிவில் தற்செயலாக வாயில் வந்த நகைச்சுவை பி பிரிவில் வேண்டுமென்றே வரும். அங்கே எந்த இடத்தில் சிரித்தார்களோ அந்த இடத்தில் சி பிரிவில் ஒரு கணம் நிறுத்திக் காத்திருக்கத் தோன்றும். டி பிரிவுக்குப் போகும்போது பாடம் மெழுகிய தரைபோல வழுக்கிக்கொண்டு ஓடும்.

புவியியல் ஆசிரியை தென்துருவக் கண்டத்தின் கரையில் நாற்பது நாள் இருந்துவிட்டு வந்த மறுவாரம், ஏழாம் வகுப்பின் நான்கு பிரிவுகளுக்கும் ஒரே நாளில் அதைப் பற்றிச் சொன்னாள். அதற்காகத்தான் அவளை அனுப்பியிருந்தார்கள். ஆண்டுக்கு ஓர் ஆசிரியரை ஆராய்ச்சி நிலையத்துக்கு அழைத்துப்போவார்கள். திரும்பி வந்ததும் அவர் கண்டதையும் செய்ததையும் பிள்ளைகளுக்கும் சக ஆசிரியர்களுக்கும் சொல்ல வேண்டும். முந்நூறு விண்ணப்பங்களில் அவளுடையது தேறியிருந்தது.

ஏ பிரிவில் நடந்ததை நடந்தபடி சொன்னாள். பென்குயின்கள் கூட்டமாக வாழும் இடம் கண்ணுக்குத் தெரியும் முன்பே மூக்குக்குத் தெரிந்துவிடும், அழுகிய மீன் நாற்றம், காலணியில் ஒட்டினால் கப்பல்வரை கூடவே வரும் என்றாள். பிள்ளைகள் மூக்கைப் பிடித்துக்கொண்டார்கள். நிலையத்தைவிட்டு வெளியே தங்கும் நாட்களில் நம்முடைய கழிவைக்கூட அங்கே விட்டுவர முடியாது, பையில் கட்டிப் பீப்பாயில் போட்டுத் திரும்ப எடுத்துவர வேண்டும் என்றாள். வகுப்பு குலுங்கியது. கடைசியாக அந்த விபத்தைச் சொன்னாள். உறைந்த கடலின்மேல் துளைபோட்டுப் பனிக்கட்டியின் கனத்தை அளக்கப் போன ஒருநாள், கூட வந்த இளம் ஆராய்ச்சியாளர் மெல்லிய இடத்தில் கால் வைத்து இடுப்பளவு உள்ளே போய்விட்டார். துளைக்கருவியைத் தூக்க ஆள் போதாமல் உடன் வந்திருந்தார் நிலையத்துச் சமையற்காரர். அவர்தான் வயிறு பனியில் படியப் படுத்து, தவழ்ந்து போய்க் கயிற்றை வீசி இழுத்துக் காப்பாற்றினார்.

சமையற்காரரா என்று ஒருவன் கேட்டான். குரலிலேயே ஏமாற்றம் தெரிந்தது. “அப்ப நீங்க என்ன பண்ணீங்க மிஸ்?”

நல்லவேளையாக மணி அடித்தது.

பி பிரிவில் அந்தக் கேள்வி எழவே இல்லை. எல்லாரும் சேர்ந்து இழுத்தோம் என்று அவளே சொல்லிவிட்டாள். சி பிரிவில் கயிற்றை வீசியது அவள், இழுத்தது சமையற்காரர். டி பிரிவில் சமையற்காரர் நிலையத்திலேயே சமைத்துக்கொண்டிருந்தார்.

அந்த டி பிரிவை நினைத்தால்தான் அவளுக்குப் பிற்பாடு உடம்பெல்லாம் கூசியது. சொன்னதோடு நிற்கவில்லை. மேசைகளுக்கு நடுவே, தரையில், கட்டிய புடவையோடு குப்புறப் படுத்து எப்படித் தவழ்ந்தாள் என்று காட்டினாள். பிள்ளைகள் பெஞ்சுமேல் ஏறி நின்று பார்த்தார்கள். நாற்பத்திரண்டு பேர் கைதட்டியது பக்கத்துக் கட்டடம்வரை கேட்டது. எழுந்தபோது வயிற்றிலும் முட்டியிலும் சுண்ணாம்புத் தூசி. அதைத் தட்டிவிடாமல் அப்படியே ஆசிரியர் அறைக்கு நடந்து போனாள். அன்றைக்கு அவள் சந்தோஷமாக இருந்தாள். அதுதான் கேவலம்.

மறுநாளிலிருந்து அவள் பள்ளிக்கூடத்துக்கு ‘பனி மிஸ்’ ஆனாள். ஆசிரியர் அறையில் இருந்தவர்களுக்குப் பனிக்கட்டியின் கனம் பற்றி ஒன்றும் தெரிய வேண்டியிருக்கவில்லை. நாற்பது நாளில் எத்தனை தடவை குளித்தாள், கழிவுப் பீப்பாயை யார் தூக்குவது என்று கணக்கு சார் துருவித் துருவிக் கேட்டார். ஆடை படிந்த தேநீரை உறிஞ்சிக்கொண்டே கேட்டார். அவர்தான் டி பிரிவின் வகுப்பாசிரியர். கயிற்றுக் கதையை அவருடைய பிள்ளைகள் அவரிடம் சொல்லிவிட்டிருந்தார்கள். அவர் தலைமை ஆசிரியரிடம் சொல்லிவிட்டிருந்தார்.

சனிக்கிழமை, சுற்றுவட்டாரப் பள்ளிகளிலிருந்து நாற்பது ஆசிரியர்கள் வந்தார்கள். அவள் ஒரு வாரம் உட்கார்ந்து தயாரித்திருந்த குறிப்புத்தாளை ஆளுக்கொன்று கொடுத்தாள். எந்தத் துளையில் எத்தனை அங்குலம், சென்ற ஆண்டைவிட எவ்வளவு குறைவு, இதைச் சாதாரண வகுப்பில் ஒரு வாளித் தண்ணீரையும் ஒரு அளவுகோலையும் வைத்துக்கொண்டு எப்படிச் செய்து காட்டலாம் என்றெல்லாம் எழுதியிருந்தாள். மூன்றாவது வரிசை தூங்கியது. ஒருவர் குறிப்புத்தாளின் மூலையை மடக்கிப் பல் குத்தினார். குத்தியதைப் பார்த்துவிட்டு மறுபடி குத்தினார். தலைமை ஆசிரியர் ஒரு துண்டுச்சீட்டு அனுப்பினார். கயிற்றுக் கதையைச் சொல்லச் சொல்லி இருந்தது.

டி பிரிவில் சொன்னதையே சொன்னாள். தூங்கினவர்கள் விழித்தார்கள். அங்கே தரையில் மட்டும் படுக்கவில்லை, அவ்வளவுதான். முடிந்ததும் வரிசையில் நின்று கை கொடுத்தார்கள். பிஸ்கட் எண்ணெயும் வியர்வையுமாக நாற்பது கைகள். ஆண்டு மலரில் இதுதான் முதல் கட்டுரை என்று தலைமை ஆசிரியர் அறிவித்தார்.

ஏ பிரிவில் ஒரு பெண் இருந்தாள். வாத்தியார் தும்மினாலும் தேதி போட்டு எழுதி வைப்பாள் என்று பிள்ளைகள் அவளுக்குக் ‘கல்வெட்டு’ என்று பேர் வைத்திருந்தார்கள். அதிகம் பேச மாட்டாள். அடுத்த புதன்கிழமை தண்ணீர்க் குழாயடியில் டி பிரிவுப் பையன்கள் பனி மிஸ்ஸின் வீரத்தைப் பாடிக்கொண்டிருந்தபோது, இழுத்தது சமையற்காரர் என்று அவள் சொன்னாள். இல்லையென்றார்கள். நோட்டைக் காட்டினாள். பிடுங்கப் பார்த்தார்கள். அப்போதுதான் அந்த வார்த்தையைச் சொல்லிவிட்டாள்: அப்படியென்றால் மிஸ் உங்களிடம் புளுகியிருக்கிறார்கள்.

வியாழக்கிழமை தலைமை ஆசிரியர் அறையில் விசாரணை. அலமாரிக்குப் பின்னால் ஒரு கைகழுவும் தொட்டி உண்டு. பேச்சுக்கு நடுவே அவர் எழுந்துபோய்க் காறித் துப்பிவிட்டு வந்து, விட்ட இடத்தில் தொடங்குவார். குழாயைத் திறந்து விடமாட்டார். கணக்கு சார் ஜன்னலோரம் நின்றார். கல்வெட்டு மேசைக்கு முன்னால் நின்று, தேதி முதற்கொண்டு தான் எழுதியதைப் படித்தாள். ஒரு சொல் கூட்டவில்லை, குறைக்கவில்லை. நாற்றம், பீப்பாய், சமையற்காரர், எல்லாம் அன்று ஏ பிரிவில் சொன்ன வரிசையிலேயே இருந்தன.

இப்படியா சொன்னீர்கள் என்று தலைமை ஆசிரியர் புவியியல் ஆசிரியையைப் பார்த்தார்.

“ஏ பிரிவுல நேரம் இல்ல சார். சுருக்கமா சொல்லியிருப்பேன்” என்றாள். அதோடு நிறுத்தியிருக்கலாம். “அவ சரியா கேட்டிருக்க மாட்டா.”

அந்த இரண்டாவது வாக்கியத்தை யாரும் கேட்கவில்லை. அவளாகத்தான் சொன்னாள். எச்சில் வழிவதுபோலத் தானாக வழிந்தது.

“கல்வெட்டுலயும் பிழை உண்டும்மா” என்று கணக்கு சார் சிரித்தார்.

அந்தப் பெண் அழவில்லை. நோட்டை மூடி, பேனாவுக்கு மூடி போட்டாள். தலைமை ஆசிரியர் தீர்ப்பைச் சொன்னார். திங்கட்கிழமை காலைக் கூட்டத்தில் அறுநூறு பேருக்கு முன்னால் ஒலிபெருக்கியில் மன்னிப்புக் கேட்க வேண்டும். முடியாது என்றால் அம்மா வந்து வேறு பள்ளிக்கூடம் பார்த்துக்கொள்ளலாம். அவள் ஒன்றும் சொல்லாமல் நின்றாள். அதைத் திமிர் என்று அவர் சொன்னார். தான் எழுதியதைப் பொய் என்று எப்படிச் சொல்வது என்று புரியாமல் அவள் நிற்கிறாள் என்பது அந்த அறையில் ஒருத்திக்கு மட்டும் தெரிந்திருந்தது.

ஞாயிற்றுக்கிழமை ஆசிரியை மூன்று முறை பல் துலக்கினாள். நாக்கில் ஏதோ படிந்திருப்பதுபோலவே இருந்தது. மதியம் சாப்பாட்டின்முன் உட்கார்ந்தவள் எழுந்துவிட்டாள். கணவன் மறுநாளைக்கு அவள் புடவையை இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தான். அவனுக்கு நடந்தது தெரியும். விபத்து நடந்த அன்றே அவள் நிலையத்திலிருந்து தொலைபேசியில் கூப்பிட்டு அழுதிருந்தாள். எந்தப் பிரிவிலும் அவள் சொல்லாத ஒன்றும் அவனுக்குத் தெரியும். அந்தக் கயிற்றுச் சுருள் அவள் தோளில்தான் இருந்தது. ஆராய்ச்சியாளர் கையை நீட்டிக் கத்தினார், அவளோ அதைக் கழற்றக்கூட இல்லை. பின்வாங்கினாள். சமையற்காரர்தான் ஓடிவந்து, அவள் தோளிலிருந்து அதைப் பிடுங்கிக்கொண்டு போனார்.

பயந்தது உனக்கும் எனக்கும் தெரியும், ஊருக்கு எதற்கு என்று அவன் கேட்டான். “சின்னப் பொண்ணு மன்னிப்புக் கேட்டா தேஞ்சா போயிடுவா? ரெண்டு நாள்ல மறந்துடுவா. உனக்குத்தான் கட்டுரை வருது, பேரு வருது. வலிய வர்ற சீதேவியக் காலால ஒதைப்பாங்களா?” என்று சொல்லிவிட்டு, வாய் நிறையத் தண்ணீர் வைத்துக்கொண்டு புடவைமேல் உஸ்ஸென்று ஊதினான். பதினோரு வருஷமாக அப்படித்தான் இஸ்திரி போடுகிறான். இன்றுதான் அவளுக்குக் குமட்டியது. அன்பாகச் செய்கிற காரியம், அதற்குப் போய்க் குமட்டுகிறதே என்று அதற்கும் சேர்த்துக் குமட்டியது. திங்கட்கிழமை வேறு புடவையைக் கசங்கலாகவே கட்டிக்கொண்டு போனாள்.

காலைக் கூட்டத்துக்குக் கால் மணி நேரம் இருந்தது. தலைமை ஆசிரியர் அறையில் கல்வெட்டும் அவள் அம்மாவும் நின்றிருந்தார்கள். அம்மாவுக்கு ஆஸ்பத்திரிச் சலவைப் பகுதியில் வேலை. சோடாவில் ஊறி விரல் நுனிகள் வெளுத்துச் சுருங்கியிருந்தன. அரை நாள் விடுப்பில் வந்திருந்தாள். மகளைச் சொன்னபடி கேட்கச் சொல்லித் தாழ்ந்த குரலில் கெஞ்சிக்கொண்டிருந்தாள். வருஷ நடுவில் எந்தப் பள்ளியில் சேர்ப்பார்கள் என்பதே அவள் கவலை.

“சார், அவ எழுதினதுதான் சரி” என்றாள் ஆசிரியை. “டி பிரிவுல நான் பொய் சொன்னேன். சனிக்கிழமையும் பொய்தான் சொன்னேன்.”

தலைமை ஆசிரியர் அவளையே பார்த்தார். பிறகு அவர் முகம் மெல்ல மலர்ந்தது. அம்மாவின் பக்கம் திரும்பினார்.

“பாத்தீங்களாம்மா? உங்க பொண்ணக் காப்பாத்த, தன் தலையில பழியப் போட்டுக்கறாங்க. பெத்தவங்களுக்குக்கூட இந்த மனசு வராது.”

அப்படி இல்லை என்று ஆசிரியை மறுபடி சொன்னாள். புரிகிறதம்மா, புரிகிறது என்று அவர் தலையாட்டினார். ஆண்டு மலர் அச்சுக்குப் போய்விட்டது, சனிக்கிழமை அறிக்கை மேலிடத்துக்குப் போய்விட்டது என்றும் அதே மூச்சில் சொன்னார். அவருக்கு எல்லாம் புரிந்துதான் இருந்தது. எழுந்து அலமாரிக்குப் பின்னால் போனார். காறும் சத்தம் கேட்டது.

அவர் திரும்பி வருவதற்குள் அந்த அம்மா ஆசிரியையின் அருகில் வந்தாள்.

“அப்ப எம் பொண்ணு புளுகல?”

“இல்லம்மா.”

“வியாழக்கெழமையே உங்களுக்குத் தெரியும்.”

“தெரியும்.”

“நான் ஆஸ்பத்திரித் துணி தொவைக்கிறவ. என்னென்னவோ ஒட்டிக்கிட்டு வரும். எனக்கு அவ்வளவு சீக்கிரம் எதுவும் கொமட்டாது” என்றாள் அவள். மகளின் முதுகில் கை வைத்து வெளியே கூட்டிக்கொண்டு போனாள்.

கூட்டத்தில் மன்னிப்பு எதுவும் நடக்கவில்லை. நடந்தது அதைவிட மோசம். ஒரு மாணவி தன்னைப் பற்றித் தவறாகப் பேசியும் பனி மிஸ் பெருந்தன்மையோடு மன்னித்துவிட்டார் என்று தலைமை ஆசிரியர் ஒலிபெருக்கியில் சொன்னார். பெயரைச் சொல்லவில்லை. அறுநூறு தலைகள் ஏழாம் வகுப்பு ஏ பிரிவு வரிசையைத் திரும்பிப் பார்த்தன. கைதட்டினார்கள். ஆசிரியை ஒலிபெருக்கியை நோக்கி நான்கு அடி வைத்தாள். அதற்குள் அவர் கையசைக்க, மணி அடித்துவிட்டது. வரிசைகள் கலைந்தன. கல்வெட்டு தலை குனியாமல் நேராகத் தன் வகுப்புக்கு நடந்து போனாள். அவளோடு சேர்ந்து யாரும் நடக்கவில்லை.

முதல் பாடவேளை டி பிரிவு. கூட்டத்தில் முடியாததை இங்கே சொல்லிவிடலாம், பிறகு சி, பிறகு பி என்று அவள் நினைத்திருந்தாள். உள்ளே நுழைந்ததும் பையை வைக்காமல், வருகைப் பதிவேட்டைத் திறக்காமல் சொல்ல ஆரம்பித்தாள். இந்தத் தடவை மெருகு எதுவும் இல்லை. வாக்கியங்கள் முட்டி மோதிக்கொண்டு வந்தன. கயிறு தன் தோளில் இருந்ததைச் சொன்னாள். அவர் கை நீட்டியதைச் சொன்னாள். இரண்டு அடி பின்னால் போனதைச் சொன்னாள். சமையற்காரர் பிடுங்கிய வேகத்தில் தோளில் தோல் உரிந்து ஒரு வாரம் எரிந்தது என்பதையும் சொன்னாள். தரையில் படுத்துக் காட்டியது வெறும் நடிப்பு, ஏ பிரிவுப் பெண் எழுதி வைத்ததுதான் உண்மை, இடைவேளையில் எல்லாரும் போய் அவளிடம் அதைச் சொல்ல வேண்டும் என்றாள்.

அவள் எதிர்பார்த்தது கோபம். கேலியும் வரும் என்று நினைத்தாள். ஒன்றும் வரவில்லை. நாற்பத்திரண்டு பேரும் கையைக் கட்டிக்கொண்டு, பாவம் என்று நோயாளியைப் பார்ப்பதுபோல அவளைப் பார்த்தார்கள்.

வகுப்புத் தலைவன் எழுந்தான்.

“அவ அம்மா வந்து சண்ட போட்டாங்களா மிஸ்?”

இல்லை என்றாள். யாரும் சண்டை போடவில்லை, இது நடந்தது, நானே சொல்கிறேன் என்றாள். அவன் தலையாட்டினான். நம்புகிற தலையாட்டல் இல்லை. தலைமை ஆசிரியர் காலையில் ஆட்டிய அதே தலையாட்டல், பன்னிரண்டு வயதில்.

“சரி மிஸ். நெஜமாவே இருந்தாலும் பரவால்ல. நாங்க வெளிய சொல்ல மாட்டோம்.”

பின்வரிசையில் சிலர் ஆமாம் மிஸ் என்றார்கள். யார் கேட்டாலும் நீங்கள் இழுத்ததாகவே சொல்கிறோம், அந்தக் கல்வெட்டை நாங்கள் பார்த்துக்கொள்கிறோம் என்று ஒருத்தி தைரியம் சொன்னாள். குரலில் அத்தனை பாசம்.

வேண்டாம் என்று சொல்ல அவள் வாயைத் திறந்தாள். அதற்குள் முதல் வரிசைப் பையன் ஒருவன், யாரும் சொல்லாமல், எழுந்து போய் வராந்தாவை இரண்டு பக்கமும் பார்த்தான். ஏ பிரிவுக்குக் கேட்டுவிடாதபடி வகுப்புக் கதவைச் சத்தமில்லாமல் சாத்திவிட்டு வந்து உட்கார்ந்தான்.